காப்பு கட்டிய விருந்தாளிகள்

சவுக்குமேடு,
செங்கல்பட்டு ஜில்லா.
20-8-1955

அன்புள்ள மகன் வரதனுக்கு, அப்பா சின்னையன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கறவை மாடும் சௌக்கியம், மூன்று பேரில் யாருக்கு வாய் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே காரக்பூரில் உன் உடம்பும் பட்டறை வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டேன். இந்தத் தடவை புளியமரத்தடியில் நின்று எட்டிப் பார்த்துக் கும்பிடவில்லையடா, கைக்கெட்டும் தூரத்தில், நம் வீட்டு வாசலில் வைத்துக் கும்பிட்டேன். நீ நம்ப மாட்டாய். அதனால்தான் கார்டு போதாது என்று இத்தனை காகிதம் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நீ அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது. இந்த ஆடிப் புழுக்கத்தில் உன் அம்மா அதைப் போர்த்திக்கொண்டு தெருவில் ஒரு நடை போய் வந்தாள். காய்ச்சலா காசியம்மா என்று கேட்டவர்களிடமெல்லாம், இல்லை, மகன் அனுப்பினது என்று சொல்லிவிட்டு வேர்க்க வேர்க்கத் திரும்பி வந்தாள். தோப்பில் சவுக்கு வெட்டு நடக்கிறது. கட்டையைக் கால்வாய்க் கரையில் அடுக்கிப் பட்டணத்துப் படகில் ஏற்றுகிற வேலைக்கு என்னை மேஸ்திரியாகப் போட்டிருக்கிறார்கள். கால்வாயில் தண்ணீர் குறைந்துபோய்ப் படகுகள் அங்கங்கே சேற்றில் உட்கார்ந்துவிடுகின்றன. இந்தக் கதைக்குக் காரணமே அந்தச் சேறுதான்.

நம் ஊர்த் திருவிழாவுக்குக் காப்பு கட்டுகிற முறை உனக்குத் தெரியாததல்ல, ஆனால் ரயில் புகையில் பாதி மறந்திருப்பாய், அதனால் சொல்லுகிறேன். வேண்டுதல் உள்ள பெண்கள் தலையில் முக்காடு போட்டு வரிசையாக நின்று கையை நீட்டுவார்கள். பூசாரி முகத்தைப் பார்க்கக் கூடாது, மணிக்கட்டை மட்டும் பார்த்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டே போக வேண்டும். கட்டியாயிற்று என்றால் எட்டாம் நாள் வரைக்கும் அவர்கள் ஊர் எல்லை தாண்டக் கூடாது. எட்டாம் நாள் அம்மன் சப்பரத்தில் ஏறி, காப்பு கட்டினவர்கள் எந்தெந்த வீட்டில் தங்கியிருக்கிறார்களோ அந்தந்த வாசலுக்கு வந்து நிற்க, அங்கேதான் காப்பை அவிழ்ப்பார்கள். கடைசிக் காப்பு அவிழும்வரை சப்பரத்தைத் தோளிலிருந்து இறக்கக் கூடாது. இதெல்லாம் ஊர்த்தெருவுக்கு. நம் தெருப் பெண்கள் அந்த வரிசையில் நின்றதும் கிடையாது, சப்பரம் புளியமரத்தைத் தாண்டி நம் பக்கம் வந்ததும் கிடையாது. நீ சின்னப் பையனாக இருந்தபோது, அம்மனுக்கு நம்ம தெரு பேரு தெரியாதா நைனா என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நான் மறக்கவேயில்லை.

இந்த வருஷம் காப்பு கட்டுகிற அன்றைக்கு மரக்காணத்து உப்புப் படகு ஒன்று நம் துறைக்குப் பக்கத்தில் தரை தட்டி நின்றது. அதில் பட்டணம் போகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பம்பைச் சத்தம் கேட்டதும், அம்மன் கூப்பிடுகிறாள் என்று இறங்கி, குளித்து, முக்காடு போட்டு நேரே போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். பூசாரி அருணகிரிக்கு எப்படியும் கண் புரை, அதோடு முகம் பார்க்கக் கூடாத முறை வேறு, இரண்டு கையிலும் அழகாகக் கட்டிவிட்டார். கட்டி முடிந்ததும் பெரியவள், ஆராயி என்று பெயர், தாயே மகமாயி என்று ஒரு குரல் கொடுத்தாள் பார், அக்கரையில் கட்டியிருந்த மாடு எழுந்து நின்றது. அத்தனை கனத்த குரல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், முக்காடு விலகியது, ஊருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. ஆண் உடம்போடு பிறந்து, பெண்ணாகவே மனசு அமைந்து, புடவை கட்டி, தங்களுக்குள்ளே தாயும் மகளுமாக உறவு வைத்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள். ஆராயி தாய், கூட வந்த சின்னவள், வேண்டா என்று பெயர், மகள். அவர்களுக்கு ஊரில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை நான் எழுத மாட்டேன். நமக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்களே, அதை யாராவது கடிதத்தில் எழுதினால் உனக்கு எப்படி இருக்கும்.

ஊரே இரண்டுபட்டது. நாட்டாண்மைக்காரர் ராஜாராம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னா பூசாரி இது, அறுத்துப் போட்டு படகுல ஏத்தி அனுப்பு" என்றார். அருணகிரி அசையவில்லை. "தாயி பேரச் சொல்லிக் கட்னது நானு. அறுக்கறவன் வந்து அறுத்துக்கோ, பாவம் அவனோட" என்று சொல்லித் தேங்காய் வெட்டுகிற கத்தியை நீட்டினார். அந்தக் கத்தி அன்றைக்குப் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். ராஜாராம் அதை வாங்கித் தம்பியிடம் கொடுத்தார், தம்பி மச்சானிடம் கொடுத்தான், மச்சான் தலையாரியிடம் கொடுத்தான், தலையாரி அது தனக்கு அல்ல என்பதுபோல வாங்கி மறுபடியும் ராஜாராமிடமே கொடுத்தான். அறுக்கவும் முடியாது, எல்லை தாண்டி அனுப்பவும் முடியாது. அப்படியானால் எங்கே தங்க வைப்பது. சாவடியா, கூடாது. பள்ளிக்கூடமா, கூடவே கூடாது. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் கை காட்டினார்கள். ஆராயியும் வேண்டாவும் தங்களைப் பற்றித்தான் பேச்சு என்பதே தெரியாதவர்கள்போல உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வழக்கம்போலப் புளியமரத்தடியில்தான் நின்றிருந்தேன். எனக்கு எட்டாம் நாள் ஞாபகம் வந்தது. அங்கே நின்ற அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் வரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கி, முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்துக்கொண்டு, "ஐயா, எங்க தெருவுல ஒரு ஓரமா கெடந்துட்டுப் போவட்டுமே" என்றேன். ராஜாராமுக்கு உயிர் வந்தது. சின்னையன் ஒருத்தனுக்காவது புத்தி இருக்கிறதே என்று சொல்லி, கோயில் களஞ்சியத்திலிருந்து ஒரு மரக்கால் அரிசியும் அளக்கச் சொன்னார். நான் தலையைக் குனிந்தபடியே வந்தேன். தலையை நிமிர்த்தினால் சிரிப்பது தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா வேறு திருவிழா நடத்தினாள். ஊரே துரத்தினதை நீ இட்டுகினு வர்றியா, அக்கம்பக்கம் இன்னா சொல்லும் என்று ஆரம்பித்தாள். அக்கம்பக்கம் அதற்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நம்மவர்கள் மட்டும் லேசில் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்காதே. பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நம்மைத் தள்ளி நிறுத்துகிறவர்களை நாம் வாயாரத் திட்டுகிறோம், நமக்குத் தள்ளி நிறுத்த இரண்டு பேர் கிடைத்ததும் நம் முகம் எப்படி மாறுகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நானும் ஒன்றும் ஒழுங்கில்லை, அவர்கள்மேல் பாசம் பொங்கியா கூட்டி வந்தேன், அம்மனைக் கொண்டுவரத்தானே கூட்டி வந்தேன்.

மறுநாள் காலை ஆராயி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். உன் அம்மா சொம்பைக் கையில் கொடுக்காமல் உயரத் தூக்கி ஊற்றினாள், அவள் இரண்டு கையையும் குவித்துக் குனிந்து குடித்தாள். ரோட்டோரக் காப்பிக் கடையில் நமக்கு எப்படி ஊற்றுவார்களோ அதே மாதிரி, ஒரு சொட்டு தன்மேல் தெறிக்காமல். ஆராயி குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சிரித்தபடி, "இன்னாக்கா, ஊத்தற கை ரொம்பப் பழக்கமான கையா கீதே. யாரு ஒனக்கு இப்டி ஊத்திக் காட்னது?" என்று கேட்டாள். உன் அம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை என்னோடும் பேசவில்லை, மாட்டோடும் பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு அவள் தாய்வீட்டில் கொடுத்த பித்தளைச் சொம்பை எடுத்துப் புளி போட்டு விளக்கி, தண்ணீர் மொண்டு, ஆராயி கையிலேயே கொடுத்தாள். "இந்தா, நீயே ஊத்திக் குடி" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அந்தச் சொம்பில் எனக்கு ஒரு நாளும் தண்ணீர் கொடுத்தவள் இல்லை உன் அம்மா.

அதற்குப் பிறகு தெரு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. வேண்டா சும்மாவே இருக்க மாட்டாள், தெருப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் தலை வாரிப் பின்னிவிட்டாள், பேன் பார்த்தாள், தாழம்பூ வைத்துத் தைத்துவிட்டாள். ஆராயியின் குரல் எனக்கே உதவியாக இருந்தது, அக்கரைப் படகுக்காரனைக் கூப்பிட நான் தொண்டை கிழியக் கத்துவேன், அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஏய் என்றால் படகு தானாகத் திரும்பும். அவள் கை வைத்து ஆசீர்வதித்தால் குழந்தைக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அந்த யாரோ உன் அம்மாதான் என்று எனக்குச் சந்தேகம். அடுத்த நாளே ஊர்த்தெருப் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, நம் தெருவுக்குள் வரத் தயங்கி, புளியமரத்தடியில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். நாம் நிற்கிற அதே இடம்தானடா. நான் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று சிரித்துக்கொண்டேன். ராஜாராம் வீட்டு மருமகளும் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

ஐந்தாம் நாள்தான் ஆபத்து வந்தது. சப்பரம் போகிற வழியைச் செதுக்கிச் சுத்தம் செய்ய ஆள் விட்டபோது, கடைசி வாசல் எது என்று பூசாரி கேட்டிருக்கிறார். ராஜாராமுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. உடனே தலையாரி ஓடி வந்தான். சாவடிக்கு வெள்ளையடித்துவிட்டார்களாம், நெல்லுச்சோறு போடுவார்களாம், ஆளுக்கு ஒரு புதுப்புடவையாம், இந்த நிமிஷமே ஊர்த்தெருவுக்குக் குடி வந்துவிட வேண்டுமாம். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. இங்கே கேழ்வரகுக் கூழும் ஓட்டைக் கூரையும், அங்கே புடவையும் சோறும். ஆராயி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணாத்த, எங்கள வெச்சி அம்மன இட்டாறதுதானே ஒன் கணக்கு? மொத நாளே தெரியும் எனக்கு" என்றாள். ஆமாம் என்றேன். புடவையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வேண்டாவையும் கூட்டிக்கொண்டு தலையாரி பின்னால் போய்விட்டாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா மட்டும் வழக்கத்தைவிடப் பெரிய சட்டியில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். போனவர்களுக்கு எதற்குக் கூழ் என்று கேட்டேன். "போனா இன்னா, கூழு குடிக்கற நேரத்துக்கு வந்துடுவாங்க" என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வந்தார்கள். அங்கே நடந்ததை வேண்டா சொல்லச் சொல்ல, சிரிப்பில் எங்களுக்குப் புரையேறிவிட்டது. ஆராயி சாவடியைச் சுற்றிப் பார்த்து வெள்ளையடிப்பு திட்டுத் திட்டாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள், புடவையை விரித்துச் சாயம் நிற்குமா என்று எச்சில் தொட்டுப் பார்த்திருக்கிறாள், கடைசியில் மடித்துத் திருப்பிக் கொடுத்து, "மொத நாளு எடமே இல்லாத ஊருல அஞ்சா நாளு எப்டி நாட்டாமை எடம் மொளச்சிது? காப்பு கட்டிகினு மொத ராத்திரி படுத்த வூடுதான் எங்க வூடு. ஆத்தாள அங்க அனுப்பு" என்று கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் கணக்குக்காக அவள் வரவில்லை, சொம்புக்காக வந்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

எட்டாம் நாள் ஊர்த்தெரு வாசல்களில் எல்லாம் காப்பு அவிழ்த்து முடித்து, உச்சி வெயிலில் சப்பரம் புளியமரத்தடிக்கு வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை. இரண்டு பேரும் இங்கே மரத்தடிக்கு வரட்டும், அவிழ்த்துவிடலாம் என்றார் ராஜாராம். வாசலில்தான் அவிழ்க்க வேண்டும் என்று நம் வீட்டு வாசலிலிருந்தே ஆராயி குரல் கொடுத்தாள், அங்கே தெளிவாகக் கேட்டது. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, சுமக்கிறவர்களுக்கல்லவா தெரியும். சப்பரத்தைக் கீழே இறக்கவும் கூடாது. முன்கொம்பைப் பிடித்திருந்தவன் ராஜாராமின் தம்பி, நல்ல கொழுத்த உடம்பு, வேர்வை ஆறாக ஓடுகிறது. "அண்ணே, சீக்கிரம் சொல்லு, தோளு போவுது" என்றான். இன்னும் கொஞ்சம் பொறு என்றார் அவர். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ பேசிகினே இரு, நான் போறேன்" என்று காலை எடுத்து வைத்தான். முன்கொம்பு நகர்ந்தால் பின்கொம்பு என்ன செய்யும், அதுவும் வந்தது. பம்பைக்காரன் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். அம்மன் புளியமரத்தைத் தாண்டிவிட்டாள்.

தாண்டினதும் அடுத்த கூத்து. விளக்கேற்றி வைத்த வாசலைச் சப்பரம் நிற்காமல் கடக்கக் கூடாது என்பதும் அவர்கள் வைத்த முறைதான். உன் அம்மா விடியும் முன்னே எழுந்து, வீடு வீடாகப் போய், நம் தெருவில் ஒரு வாசல் பாக்கியில்லாமல் விளக்கு வைக்கச் சொல்லியிருந்தாள். பட்டப்பகலில் தெரு முழுக்க அகல் எரிகிறது. ஒவ்வொரு வாசலிலும் அம்மன் நின்றாள், ஒவ்வொரு வாசலிலும் தேங்காய் உடைந்தது, ராஜாராமின் தம்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சிலர் கும்பிட்டார்கள், சிலர் கும்பிடக்கூட மறந்து நின்றார்கள். நான் இரண்டாவது ரகம், நம் வாசலுக்கு வந்த பிறகுதான் கை கூப்ப ஞாபகம் வந்தது. அம்மன் முகம் அவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியவே தெரியாது, வரதா. தூரத்திலிருந்து பெரிதாகத் தெரிந்தது.

நம் வாசலில் ஆராயிக்கும் வேண்டாவுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காப்பை அவிழ்த்தார்கள். அவிழ்த்து முடிந்ததும், முக்காட்டுக்குள்ளிருந்து இன்னொரு கை நீண்டது. அருணகிரி அதையும் பிடித்து, தடவிப் பார்த்து, "இதுல காப்பு இல்லியே தாயீ" என்றார். "அதான். இல்ல" என்றாள் உன் அம்மா. பம்பை நின்றுவிட்டது. அருணகிரிக்குக் குரல் தெரியாதா, தெரு தெரியாதா, அவருக்குக் கண்தான் புரை. ஆனால் மனிதர் தலையை நிமிர்த்தவே இல்லை, கையையும் விடவில்லை. "அடுத்த ஆடிக்குப் பொழுதோட வந்து வரிசயில நில்லு தாயீ. எனுக்கு மணிக்கட்டுதான் தெரியும், மூஞ்சி தெரியாது" என்றார்.

ஒரு வழியாகச் சேற்றிலிருந்து மீண்டு படகு கிளம்பின அன்றைக்குத் துறையில் இரண்டு தெருவும் வந்து நின்றது. வாங்கினது வாங்கினதுதான், வீணாகப் போவானேன் என்று ராஜாராம் அந்தப் புடவைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டா அங்கேயே மேலே போர்த்திக்கொண்டாள், சாயம் நிற்கும் போலத்தான் இருக்கிறது. வருகிற வருஷம் இவர்கள் ஊர்த்தெருவில்தான் தங்க வேண்டும், அதுதான் ஊருக்கு மரியாதை என்று அவர் இப்போதே சண்டைக்கு வருகிறார். அதெப்படி, முதலில் கூழ் ஊற்றினவர்கள் நாங்கள் என்று நான் விடவில்லை. படகு கண்ணுக்கு மறைந்த பிறகும் ஆராயியின் குரல் கேட்டது, எங்கள் இரண்டு பேரையும் சண்டை போடாதீர்கள் என்று திட்டியது.

ஆகையால் மகனே, இப்போதே உன் பெரிய துரையிடம் சொல்லி வருகிற ஆடிக்கு லீவு எழுதி வாங்கிக்கொள். அம்மாவைக் காரக்பூருக்கு அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தாய், அந்த எட்டு நாளும் அவள் எல்லை தாண்ட மாட்டாள், பார்க்க வேண்டுமென்றால் நீதான் வர வேண்டும். ராத்திரி ஷிப்டில் வெறும் வயிற்றோடு நிற்காதே, சப்பாத்தி பிடிக்காவிட்டாலும் சாப்பிடு. இன்னொரு விஷயம், இதை உன் அம்மா எழுத வேண்டாம் என்கிறாள், அதனால் எழுதுகிறேன். வரும்போது நல்ல பித்தளைச் சொம்பு ஒன்று வாங்கி வா. பழையதை ஆராயி கொண்டுபோய்விட்டாள். களவில்லை, படகில் ஏறுகிற நேரத்தில் உன் அம்மாவே அவள் மடியில் வைத்துக் கட்டிவிட்டாள். அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றுவாள். நம் தெருப் பெயர் அவளுக்கு இப்போது தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னையன்